பழைய ஓலையும் வெண்ணெய்நல்லூர்த் தீர்ப்பும்

(ஆடிச் சுவாதித் திருநாளன்று ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



இன்று ஆடிச் சுவாதி. நம்பியாரூரராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் வெள்ளானையின்மீது எழுந்தருளித் திருக்கயிலை புகுந்த திருநாள். சற்றுமுன் அப்பெருமானார் திருவுருவம் மேளதாளத்துடன் திருவீதி வலம்வந்து இம்மண்டபத்தே எழுந்தருளியதை எல்லோரும் கண்குளிரக் கண்டோம். இந்நாளில் அவர் கயிலை சேர்ந்த வரலாற்றைப் பேசுவதே மரபு. எனினும் யாம் அம்முடிவினை விடுத்து, அவர்தம் வரலாற்றின் தொடக்கத்தை உங்கள்முன் வைக்க விழைகின்றோம். அத்தொடக்கம் ஒரு வழக்கு. பாட்டனார் எழுதிக்கொடுத்த பழைய ஓலையொன்றின்மேல் எழுந்த வழக்கு. அவ்வழக்கில் நம்பியாரூரர் தோற்றார். தோற்ற அன்றுதான் அவருக்கு நல்வாழ்வு தொடங்கிற்று.

‘கடன்’ என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். நாம் செய்தே ஆகவேண்டிய கடமையும் கடன். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், வாங்கியதைத் திருப்புவது வாழ்வின் முதற் கடமை என்று கருதினர் போலும். அந்தச் சொல்லை மனத்திற்கொண்டு வரலாற்றுக்குள் புகுவோம்.

திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாய்த் தோன்றி, நரசிங்கமுனையரையரால் அரசிளங்குமரனைப் போல் வளர்க்கப்பெற்றவர் நம்பியாரூரர். புத்தூரிற் சடங்கவி சிவாசாரியாரின் மகளை அவருக்கு மணம்பேசி முடித்தனர். மணநாளும் வந்தது. பந்தல் நிறையச் சுற்றத்தார். முழவும் சங்கும் ஒலிக்கின்றன. அவ்வேளையில் கையில் ஊன்றுகோலும் குடையுமாக முதிய வேதியர் ஒருவர் பந்தலுக்குள் வந்து நிற்கின்றார். “இந்த நம்பிக்கும் எனக்கும் ஒரு வழக்கு உண்டு. அதனை முடித்துவிட்டுப் பின்னர் மணம் நடக்கட்டும்” என்கின்றார். என்ன வழக்கென்று வினவ, “இவன் எனக்கு அடியான், இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கின்றது” என்று விடை வருகின்றது.

அன்பர்களே, அந்தப் பந்தலை எண்ணிப் பாருங்கள். வாழ்வின் மிக இனிய நாளன்று, ஊரார் அனைவரும் பார்த்திருக்க, தாம் கண்டறியாத பழைய கையெழுத்தொன்று எதிரே வந்து நின்றால் நமக்கு எப்படியிருக்கும்? நம்பியாரூரர் முதலில் நகைத்தார். அந்தணர் வேறோர் அந்தணருக்கு அடிமையாவது உலகில் உண்டோ என்று கேட்டார். கிழவரைப் பித்தர் என்று இகழ்ந்தார். பின்னர் ஓலையைக் காட்டுக என்றார். சபையிலன்றிக் காட்டேன் என்று முதியவர் மறுத்தார். உடனே சினம் மேலிட, அவரைத் துரத்திச்சென்று ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார் நம்பி.

நகைத்தல், இகழ்தல், சினத்தல், கிழித்தல் ஆகிய இந்நான்கும் பழைய கடனைக் காணும்போது மனித மனம் செய்கின்ற செயல்களே. திருத்தொண்டர்களின் தலைவராகிய நம்பியாரூரரிடத்தும் சேக்கிழார் பெருமான் இதனை மறைத்தாரில்லை. நம்மைப் போன்ற எளியோர் அதனைக் கேட்டுத் தேறவேண்டும் என்பதே அப்பெருந்தகையின் கருத்தென்று கொள்வோம்.

ஓலை கிழிந்துவிட்டது. வழக்கு கிழிந்ததா? இல்லை. கிழிக்கப்பட்டது படியோலை; மூலவோலை திருவெண்ணெய்நல்லூரிற் பத்திரமாய் இருந்தது. முதியவர் தமக்கு ஊர் அதுவே என்றார். “அப்படியாயின் அவ்வூருக்கே செல்வோம், அங்கே வழக்குரைப்போம்” என்று நம்பியும் உடன்பட்டார். அவ்வாறு நடந்ததே அவர் மீட்சிக்கு முதற்படி. ஓலையைக் கிழித்த கை, சபைக்குச் செல்ல மறுக்கவில்லை.

வெண்ணெய்நல்லூர்ச் சபையின் நடைமுறை வியந்து போற்றத்தக்கது. அந்தணர் அந்தணருக்கு அடிமையாதல் வழக்கத்தில் இல்லையே என்று முதலில் அவையோர் முதியவரையே மறுத்தனர். நம்பியையும் அழைத்து அவர் கருத்தைக் கேட்டனர். நெடுநாளாக ஆண்டு வருகின்ற ஆட்சி, எழுத்தாகிய ஆவணம், கண்டறிந்த பிறரது சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றேனும் காட்டுக என்றனர். மூலவோலை மீண்டும் பறிக்கப்படாமல் காப்போம் என்று உறுதியளித்த பின்னரே முதியவர் அதனை எடுத்துக் கொடுத்தார். கரணத்தான் அதனை வாங்கிப் படித்தான். சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் தம் கையெழுத்து அதுவே என்று ஒப்பினர். அவ்வளவிலும் அமையாது, நம்பியின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டு எழுத்தையும் ஒத்துப் பார்த்தனர். இரண்டும் ஒன்றாயிருக்கக் கண்ட பின்னரே, “நம்பி, நீ தோற்றாய், இவருக்கு ஏவல் செய்தலே உன் கடமை” என்று தீர்ப்பளித்தனர்.

இக்காலத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். பாட்டன் எழுதிய ஓலையால் பேரன் மற்றொரு மனிதனுக்கு அடிமையாகலாமோ? ஆகலாகாது. கடனுக்காக மனிதனைப் பிணைக்கும் கொத்தடிமை முறையினை 1976ஆம் ஆண்டின் சட்டம் அறவே ஒழித்தது. அத்தகைய உடன்படிக்கைகள் எவையும் செல்லா. நம்பியின் ஓலை பேசுவது மனிதனுக்கு மனிதன் அடிமையாதலை அன்று. உயிர் தன்னை உடையானுக்கு ஆட்பட்டது என்னும் சித்தாந்த உண்மையையே அது பேசுகின்றது. அந்த ஓலைக்கு மட்டும் காலவரம்பு கிடையாது.

தீர்ப்புக்குப் பின் நிகழ்ந்ததை நாம் அறிவோம். இவ்வூரில் உம்முடைய வீடு எது, காட்டுக என்று அவையோர் கேட்க, முதியவர் முன்னே நடந்து திருவருட்டுறைத் திருக்கோயிலுள் புகுந்து மறைந்தார். தொடர்ந்து சென்ற நம்பி திகைத்து நிற்க, இறைவன் விடைமேற் காட்சி கொடுத்தருளினான். வன்மை பேசினமையால் ‘வன்றொண்டன்’ என்னும் பெயரைச் சூட்டி, நமக்குச் செய்யும் அருச்சனை பாட்டேயாகும் என்றான். எவ்வாறு பாடுவேன் என்று நம்பி ஏங்க, எம்மைப் பித்தன் என்று இகழ்ந்தாயன்றோ, அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுக என்றான். வழக்கிற் சொல்லிய வசைச்சொல்லே திருப்பதிகத்தின் முதற்சொல்லாயிற்று. கடன் கொடுத்தவன், கடனை அடைக்கும் வழியையும் தானே கொடுத்தான்.

புத்தூரில் நின்றுபோன அந்த மணமகளையும் நாம் மறத்தலாகாது. ஓலை எழுதியவரும் அவரல்லர்; கிழித்தவரும் அவரல்லர். ஆயினும் அதன் விளைவு அவர் வீட்டுக்குள்ளும் புகுந்தது. அவ்வம்மையார் நம்பியையே நினைந்திருந்து சிவலோகம் எய்தினார் என்று புராணம் கூறுகின்றது. ஒருவர் எழுதிய கடன், எழுதாத எத்தனை பேரைத் தொடுகின்றது என்பதற்கு அவரே சான்று.

இதனை யாம் நூலிற் படித்து மட்டும் அறிந்தோமல்லோம்; எம் வீட்டிலேயே கண்டோம். “எங்கள் அப்பன் குதிருக்குள் இல்லை” என்றொரு பழமொழி உண்டு. அதனைச் சொன்னதும் உங்களிற் பலர் முறுவலிப்பதைக் காண்கின்றோம். எம்மால் அதற்கு நகைக்க இயலுவதில்லை. எம் தந்தையார் குத்தகை நிலம் உழுதவர். தம் தங்கையின் திருமணத்துக்காக ஊரிலிருந்த நெல்மண்டிக்காரர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். இரண்டு ஆண்டு மழை பொய்த்தது, வட்டியும் நின்றது. ஒருநாள் நீதிமன்ற அமீனா அழைப்பாணையோடு எங்கள் திண்ணையில் வந்து அமர்ந்தார். யாம் அப்போது பத்து வயதுச் சிறுவர். தந்தையார் உள்ளே குதிரின் மறைவில் நின்றுகொண்டு, வெளியூர் போயிருக்கின்றார் என்று சொல்லும்படி எமக்குச் சைகை காட்டினார். யாம் அவ்வாறே சொன்னோம். அமீனா எம் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார்.

தந்தையார் நீதிமன்றத்துக்குச் செல்லவில்லை. எனவே தீர்ப்பு ஒருதலையாகவே வழங்கப்பட்டது. முதலும் வட்டியும் வழக்குச் செலவும் சேர்ந்து கடன் வளர்ந்தது. ஜப்திக்கு வந்தவர்கள் எடுத்துச் செல்ல எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, பெண்கள் சமய வழக்கப்படி கழற்றக்கூடாத மாங்கலியம், உழவனின் கருவிகள் ஆகியவற்றைச் சட்டமே விலக்கி வைத்திருக்கின்றது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதனைத் தெளிவாகக் கூறுகின்றது. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். ஆனால் எங்களிடமிருந்து ஒன்று போய்விட்டது. தந்தையார் மண்டித் தெரு வழியே நடப்பதை விட்டார். மண்டிக்காரர் மாலை தோறும் திருக்கோயிலுக்கு வருபவராகையால், கோயிலுக்கு வருவதையும் விட்டார். திருவிழா நாட்களில் தேர் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது, கதவின் இடுக்கில் நின்று கும்பிடுவார். கடன் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. அவரே தமக்கொரு சிறையைக் கட்டிக்கொண்டார்.

ஆண்டுகள் பல கடந்தன. மண்டிக்காரரும் மறைந்தார். பணத்துக்கான தீர்ப்பொன்றை நிறைவேற்றக் கோருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளே எல்லை. 1963ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டமும் இதனையே கூறுகின்றது. அவ்வெல்லை கடந்துவிட்டதென்று வழக்கறிஞர் ஒருவர் சொல்லக் கேட்டு, தந்தையார் மலர்ந்த முகத்தோடு வீடு வந்தார். “இனி நம்மை யாரும் ஒன்றும் கேட்க முடியாது” என்றார். எம் அன்னையார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், முறத்தைக் கீழே வைத்தார். “கோர்ட்டு நம்மை விட்டுவிட்டது சரி. அந்தப் பணத்தில் நடந்த கல்யாணம் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவு தந்தையார் உண்ணவில்லை.

அவ்வாண்டு அறுவடை முடிந்ததும், எம்மையும் உடன் அழைத்துக்கொண்டு மண்டிக்காரரின் மனைவியாரிடம் சென்றார். “அம்மா, நான் ஐயாவுக்குத் தரவேண்டியது இருக்கிறது. சீட்டைக் காட்டுங்கள்; முதலை மூன்று போகத்தில் தந்துவிடுகிறேன்” என்றார். அவ்வம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அவர் இருந்தபோது வந்திருக்கலாமே, பணம் வராததைவிட நீங்கள் முகம் காட்டாததைத்தான் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்” என்றார். மூன்று போகத்தில் முதல் முழுதும் அடைந்தது. வட்டியை அவர் வேண்டாம் என்றார். வீடு திரும்பும் வழியில் தந்தையார் எம்மிடம் சொன்னது இன்றும் எம் செவியில் நிற்கின்றது: “இந்தக் கடன் தீர்ந்துவிட்டதப்பா. அன்றைக்குத் திண்ணையில் உன்னைப் பொய் சொல்ல வைத்தேனே, அந்தக் கடனை எப்படி அடைப்பேன்?” மறுநாள் ஆடிச் சுவாதி. கோயிலுக்கு வந்து, கூட்டத்தின் நடுவே நின்று கும்பிட்டார்.

அன்பர்களே, கால வரம்பு என்பது நீதிமன்றக் கதவுக்கு இடப்பட்ட தாழ். வழக்குகள் முடிவின்றி நீளாமலிருக்க அத்தாழ் வேண்டியதே. அதனை யாம் குறை கூறவில்லை. ஆயினும் கதவு சாத்தப்படுவதால் கடன் இல்லாததாகிவிடுவதில்லை. சட்டமும் இதனை உணர்ந்தே இருக்கின்றது. காலம் கடந்த கடனைத் தருவேன் என்று ஒருவன் எழுதிக் கையொப்பமிட்டால், அவ்வாக்குறுதி செல்லும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறுகின்றது. மனச்சான்று மீண்டும் விழித்தெழுவதற்குச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருக்கின்றது.

நம்பியின் வழக்கிலிருந்து, பழைய கடனும் தீர்ப்பும் உடையார் கற்கவேண்டியவை சில உண்டு. முதலாவது, அழைப்பு வந்தால் செல்லுதல். நம்பி வெண்ணெய்நல்லூருக்குச் சென்றார். அதனால் அவர் தரப்பும் கேட்கப்பெற்றது. செல்லாதவன் சொல்லக்கூடியதை யாரும் கேட்கப்போவதில்லை.

இரண்டாவது, மூல ஆவணத்தைக் காணுதல். கையெழுத்து நம்முடையதா, தொகை சரியா, இடையிற் கட்டியது வரவு வைக்கப்பட்டுள்ளதா என்று ஒத்துப் பார்ப்பது அவமதிப்பன்று. அச்சபையே எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்த்தது. அளவு கடந்த வட்டி கேட்கப்பட்டால் அதனைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் உண்டு. உரிய கடனை ஒப்புவதும், உரியதல்லாததை மறுப்பதும் இரண்டும் அறமே.

மூன்றாவது, படியோலையைக் கிழித்துவிட்டு மூலவோலையை மறவாதிருத்தல். தீர்ப்பான கடனைச் சிலர் நேரிற் சென்று கையிற் கொடுத்துவிட்டு, தீர்ந்தது என்று வந்துவிடுகின்றனர். நீதிமன்றத்துக்கு வெளியே செலுத்தியதை நீதிமன்றத்திற் பதிவு செய்தல் வேண்டும். கடனாளி அதற்கு விண்ணப்பிக்க முப்பது நாளே எல்லை. பதிவாகாத செலுத்தலைத் தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்றம் ஏற்றுக்கொள்வதில்லை. ரசீதும் பதிவும் இல்லையாயின், மூலவோலை எங்கோ ஒரு பேழைக்குள் உறங்கிக்கொண்டிருக்கின்றது என்றே பொருள்.

நான்காவது, இயலாமையை மறைக்காதிருத்தல். தவணை கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி அமைந்த மக்கள் நீதிமன்றத்தில் இருதரப்பும் இசைந்து முடிக்கலாம். வறுமையினால் கட்ட இயலாதவனை, கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையிலடைத்தல் ஆகாது என்று 1980ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், நீதியரசர் கிருஷ்ணய்யரின் தீர்ப்பின் வாயிலாக அறிவித்துள்ளது. கையிற் பொருள் இருந்தும் தர மறுக்கும் தீய உள்ளமே அங்கே குற்றம், இல்லாமை குற்றமன்று.

தந்தையார் வைத்துச் சென்ற கடனுக்கு அஞ்சும் மக்களுக்கும் ஒரு சொல். இறந்தவரின் சொத்தில் தமக்கு வந்த அளவுக்கே வாரிசுகள் தீர்ப்புக் கடனுக்குப் பொறுப்பாவர். மகன், பேரன் என்னும் ஒரே காரணத்தால் சமயக் கடமையாகக் கடனைச் சுமத்திய பழைய முறையினை, 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதன் பின்னர் வாங்கிய கடன்களைப் பொறுத்தவரை நீக்கிவிட்டது. அதற்கு மேலும் ஒருவன் தன் தந்தையின் பெயருக்காக மனமுவந்து அடைப்பானாயின், அது சட்டத்தின் வேலையன்று, அன்பின் வேலை.

கடன் கொடுத்தோருக்கும் அம்முதிய வேதியர் வழிகாட்டி. அவர் ஆள்வைத்து அச்சுறுத்தவில்லை, சபைக்கு வந்தார். சான்று காட்டினார். தீர்ப்பு தம் பக்கம் ஆனபின்னும் தோற்றவரை இழிவு செய்யாது, தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பாடும் பணியைக் கொடுத்து வாழ்வித்தார். வென்றவர் இப்படி நடப்பாராயின் தோற்றவர்க்கும் தீர்ப்பு கசக்காது.

இறுதியாக ஒன்று. நம் சித்தாந்தம் வினையை மூவகையாகக் கூறும். முன்னைப் பிறவிகளில் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இப்பிறவிக்கென வந்து நுகரப்படுவது பிராரத்தம். நுகரும்போதே மேலும் ஏறுவது ஆகாமியம். இதனைவிடத் தெளிவாகக் கடனின் இயல்பைச் சொல்லிவிட முடியுமோ? பழைய முதல் இருக்கின்றது. இவ்வாண்டுத் தவணை வந்து நிற்கின்றது. அதற்கு அஞ்சிப் பொய்யும் சினமும் செய்வோமாயின் புதுக்கடன் ஏறுகின்றது. எம் தந்தையார் குதிரின் மறைவில் நின்றபோது பழைய கடன் குறையவில்லை. எம் வாயிற் பொய்யாகிய புதுக்கடன் ஒன்று ஏறிற்று. வந்த தவணையை முகங்கொடுத்து ஏற்பவனுக்கோ ஏற்றம் நிற்கின்றது. எஞ்சியதைத் திருவருள் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டுப் பேழையிலும் மஞ்சளேறிய தாளொன்று இருக்கக்கூடும். அதனைக் கண்டு நகைக்கவும் வேண்டா, கிழிக்கவும் வேண்டா, குழந்தையைத் திண்ணைக்கு அனுப்பவும் வேண்டா. எழுந்து சென்று, என் கையெழுத்துத்தான் என்று ஒப்புங்கள். வெண்ணெய்நல்லூரில் தோற்ற நம்பியாரூரர் அத்தோல்வியிலிருந்தே தம்பிரான் தோழரானார். அவர் திருவடிகளை வணங்கி, நம் கடன்கள் யாவும் நேர்மையாகத் தீர அருள்புரிய வேண்டுமென்று அருட்டுறை இறைவனை இறைஞ்சி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்